மலையில் வராத பயம் பரமக்குடி தாண்டி வந்தது

கேள்வி: தனியாக பைக்கில், மலையும் கடலும் பார்த்துக்கொண்டு நீண்ட தூரம் போயிருக்கிறீர்களா? சின்ன வண்டியில் முடியுமா? பயமாக இருக்காதா?

போயிருக்கிறேன். நூறு சிசி வண்டியில். கம்பெனி பெயர் சொன்னால் சிரிப்பீர்கள்; எங்கள் தெருப் பால்காரர் வைத்திருப்பதும் அதே வண்டிதான். பயம் பற்றிய கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

மூன்று வருடம் கொச்சியில் வேலை. 2025 ஜனவரியில் அது முடிந்து மதுரைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சாமான்களைப் பார்சலில் போட்டுவிட்டேன். வண்டியையும் ரயிலில் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் தினமும் கடந்த குண்டன்னூர் சந்திப்பில்தான் கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலை தொடங்குகிறது. முன்பு அதற்கு ஒரே எண், 49. இப்போது மதுரை வரை 85, அங்கிருந்து தனுஷ்கோடிக்கு 87. மேற்குக் கடலோரம் கிளம்பி, மூணாறு ஏறி, போடியில் இறங்கி, எங்கள் ஊர் வழியாகக் கிழக்குக் கடலில் போய் முடியும் சாலை. மொத்தம் ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டு வாசல் வழியாகக் கடலுக்குப் போகிற சாலை இருக்கும்போது வண்டியை எதற்குச் சாக்கில் சுற்றி ரயிலில் ஏற்றுவது?

அம்மாவிடம் ரயிலில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பொங்கல் கழிந்த வாரம் அது. விடிகாலை ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுக் கிளம்பினேன். மூவாற்றுப்புழை, கோதமங்கலம் வரை சொல்ல ஒன்றும் இல்லை. ரப்பர் தோட்டம், சர்ச், நகைக்கடை விளம்பரம், மறுபடியும் ரப்பர் தோட்டம். அந்தப் பாதையில் ஒரே சவால் தனியார் பஸ். ஹாரனைக் கேட்டதும் இடப்பக்கம் ஒதுங்கிவிடுங்கள், ரோஷம் பார்க்காதீர்கள்.

நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடக்கும் வளைவுப் பாலம் 1935-இல் கட்டியது. 1924 வெள்ளம் மூணாறுக்குப் போன பழைய பாதையைச் சிதைத்துவிட்டது. கூடவே தேயிலை ஏற்றிப் போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையும் மொத்தமாக வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வந்த வழிதான் இது. பாலம் தாண்டியதும் காடு. ரோடு குறுகி, வெயில் மறைந்து, சட்டென்று உடம்பு குளிர்ந்தது. சீயப்பாறை, வாளறை அருவிகள் ஜனவரியில் நூல் மாதிரித்தான் விழும். ஆடியில் வந்தால் ரோட்டிலேயே சாரல் அடிக்கும் என்றார் அங்கே அன்னாசி விற்றவர். ஆனால் ஆடியில் மண்சரிவும் உண்டு. எனக்கு நூல் அருவியே போதும்.

நூறு சிசிக்கு மலை ஏறுமா என்பீர்கள். ஏறும். இரண்டாவது கியரில், முப்பதில், முனகிக்கொண்டே ஏறும். பெரிய வண்டிக்காரர்கள் சர் சர்ரென்று முந்திப் போனார்கள். அடிமாலியில் நான் புட்டு தின்றுகொண்டிருந்தபோது அதில் ஒருவர் கிளட்ச் கேபிள் அறுந்து மெக்கானிக்கைத் தேடிக்கொண்டிருந்தார். தனியாகப் போகிறவர்கள் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டிலும் ஒரு உபரி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேபிளோடு ஒட்டியே புதியதையும் டேப் சுற்றிக் கட்டிவிட்டால் பையில் இடம் மிச்சம். டியூப் டயர் என்றால் ஒரு டியூப். சட்டைப் பையில் ரத்த வகையும் வீட்டு நம்பரும் எழுதிய சீட்டு. போன் பூட்டு போட்டிருக்கும், சீட்டுக்குப் பூட்டு கிடையாது.

மூணாறில் ராத்தங்கல். அந்த ஊரில் தமிழே போதும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் தமிழர்கள். கூலிக்காகவும் போனஸுக்காகவும் 2015-இல் 'பெம்பிளை ஒருமை' என்று அந்தப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனதும் இங்கேதான். லாட்ஜ்காரர் அதைப் பற்றி ஒரே வரி சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நானும் தோண்டவில்லை.

காலையில் குளிர் எலும்புக்குள் போனது. செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் ஜனவரியில் புல் மேல் உறைபனி விழும். என்னிடம் ரைடிங் ஜாக்கெட் கிடையாது. லாட்ஜ்காரர் முந்தின நாள் பேப்பரை எடுத்து, மடித்து, சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் நெஞ்சில் வைக்கச் சொன்னார். காற்று சுத்தமாக உள்ளே வரவில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஜாக்கெட் வாங்கியவர்கள் என்னை மன்னிக்கவும்.

தேவிகுளம் தாண்டி கேப் ரோடு. மூணாறிலிருந்து போடிமெட்டு வரை சுமார் 42 கிலோமீட்டரை அகலப்படுத்திவிட்டார்கள். பாறையைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வானம். ரோடு நன்றாக இருக்கிறது, அதனாலேயே வேகம் போகத் தோன்றும். மேலிருந்து உதிர்ந்த கற்கள் வளைவுகளில் கிடக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கீழே ஆனையிறங்கல் அணை நீலமாகத் தெரிந்ததும் வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். கூட யாராவது வந்திருந்தால் பத்தாவது நிமிடம் "போலாமா?" என்றிருப்பார்கள். தனியாகப் போவதில் நான் கண்ட பெரிய சுகம் இதுதான்.

இது யானைகளின் இடம். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் இந்தச் சின்னக்கானலில்தான் பிடித்தார்கள். பெரியாறு காட்டில் விட, அது கம்பம் ஊருக்குள் வந்து நின்றது நினைவிருக்கும். கடைசியில் நம் முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது போய்விட்டதால் மற்றவை போய்விட்டதாக அர்த்தமில்லை. எதிரே வந்த ஜீப்காரரை நிறுத்தி "ஆனை நிக்குதாண்ணே?" என்று கேட்டேன். "மேல எஸ்டேட்ல நிக்குது, ரோட்டுக்கு வரல. நீங்க போங்க" என்றார். கூகுள் மேப்பில் இந்த வசதி இல்லை. பனி விலகிய பிறகு கிளம்பி, பொழுது சாய்வதற்குள் இந்தப் பகுதியைக் கடந்துவிடுவது உத்தமம்.

போடிமெட்டு. செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு, பெட்ரோலும் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவு. அங்கிருந்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கீழ் கியரில் இன்ஜின் கதறுவதைக் கேட்கப் பாவமாக இருந்ததால் மேல் கியருக்கு மாற்றி, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பின்னால் இருபது கிலோ மூட்டை வேறு. ஐந்தாறு வளைவில் ஒரு கருகல் நாற்றம். அடுத்த வளைவில் மிதிக்கிறேன், மிதி கீழே போகிறது, வண்டி நிற்கிற வழியாக இல்லை. முன் பிரேக்கும் கியரும் சேர்ந்து எப்படியோ ஓரத்தில் நிறுத்தின. ட்ரம் பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் லைனிங் பிடிப்பை விட்டுவிடும், அவ்வளவுதான் விஷயம்.

பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனேன். ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று பக்கத்தில் நின்றது. போடி, தேனிப் பக்கத்து ஆட்களைக் காலையில் மலைக்கு ஏற்றிவிட்டுச் சாயங்காலம் இறக்கும் ஜீப். டிரைவருக்கு அறுபது வயதிருக்கும். "தண்ணிய ஊத்தாதீங்க தம்பி, ட்ரம்மு வெடிச்சுப்போகும். அதுவா ஆறட்டும்" என்றவர், மூட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "ஏறுன கியர்லயே எறங்கணும். காலு பிரேக்க சும்மா தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும். இன்ஜின் கத்துதேன்னு பாக்காதீங்க, அது கத்தத்தான் இருக்கு."

முக்கால் மணி நேரம் ஆறவைத்தேன். புலியூத்துப் பக்கம் மலைமடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது: டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகளை அடிவாரத்துக்கு இறக்கி, அங்கிருந்து போடிக்குக் கொண்டுவந்த காலம் ஒன்று உண்டு. தேயிலையை எவ்வளவு பத்திரமாக இறக்கியிருக்கிறார்கள்! மிச்ச வளைவுகளை இரண்டாவது கியரில் கதறக் கதற இறக்கினேன்.

பயந்தேனா? இல்லை. மலையில் பயப்பட நேரமே கிடையாது. அடுத்த வளைவு, எதிர் ஜீப், ஹாரன், கியர் என்று மனசு முழுக்க வேலை.

தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, மதுரை. அம்மா வாசலில் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ட்ரெய்ன் எங்கடா?" என்றார். சட்டைக்குள்ளிருந்து மலையாளப் பேப்பரை உருவியபோது சிரித்துவிட்டார், தப்பித்தேன். நாளைக்குத் தனுஷ்கோடி என்றதும் சிரிப்பு நின்றது. "தனியா யாராச்சும் ராமேஸ்வரம் போவாங்களா?" அப்புறம் அவரே, "போறதுதான் போற, தீர்த்தம் புடிச்சுட்டு வா" என்று ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

மறுநாள் அம்மா கையால் பொங்கல், வடை, அதற்கு மேல் இரண்டு இட்லி. பத்து மணிக்குக் கிளம்பினேன். மானாமதுரை, பார்த்திபனூர், பரமக்குடி. நேர் ரோடு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை, எப்போதாவது ஒரு கண்மாய். வளைவு இல்லை, கியர் மாற்ற வேலை இல்லை, இன்ஜின் ஒரே சுருதியில் ரீங்கரித்தது. பரமக்குடி தாண்டிச் சில கிலோமீட்டர் எனக்கு நினைவில்லை. மறந்துபோய்விட்டது என்று சொல்லவில்லை. அந்த நேரம் நான் அங்கே இல்லை. டயர் தாரை விட்டு இறங்கிச் சரளையில் கரகரத்ததும், பின்னால் லாரி ஏர் ஹாரன் அடித்ததும்தான் தெரியும். கண் திறந்தபோது கருவேலங்கிளை தோளை உரசியது.

நிறுத்திவிட்டேன். கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. நீங்கள் கேட்ட பயம் எனக்கு இங்கேதான் வந்தது. பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருப்பார். தனியாகப் போகிறவன் தூங்குவது அவனுக்கே தெரியாது. அடுத்த டீக்கடையில் ஒரு பெஞ்சில் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "படுங்க தம்பி. ஓட்டிக்கிட்டே தூங்குறதுக்கு இது தேவல" என்றார் கடைக்கார அக்கா. நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்பது நிமிடம் செத்த மாதிரி தூங்கினேன். அதிலிருந்து நேர் ரோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை, தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும், இறங்கி முகம் கழுவுகிறேன். காலையில் அரை வயிறுதான்.

பாம்பன் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். தையில் வாடைக்காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் வண்டி இன்னும் ஆடும். பிடியைத் தளர்த்தி, காற்றுப் பக்கம் லேசாகச் சாய்ந்து, நாற்பதில் போங்கள். காற்று வரும் பக்கத்தில் லாரியோ பஸ்ஸோ குறுக்கே வந்தால் ஒரு நொடி காற்று நின்றுபோகும். அப்போது வண்டி அதன் பக்கமாகவே சாயும். அது தாண்டியதும் காற்று மறுபடி அறையும். அந்த இரண்டு நொடிக்குத் தயாராக இருக்க வேண்டும். கீழே 1914-இன் பழைய ரயில் பாலம் ரயில் இல்லாமல் கிடந்தது. பக்கத்தில் புதியது கட்டி முடித்துத் திறப்புக்குக் காத்திருந்தது, ஏப்ரலில் திறந்தார்கள்.

முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல். 2017-க்கு முன்னால் இங்கிருந்து மணலில் வேனில்தான் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். இப்போது அரிச்சல்முனை வரை தார் ரோடு. ரோட்டில் மணல் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும். அதன்மேல் சாய்க்காதீர்கள், பிரேக்கும் அடிக்காதீர்கள். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த சர்ச் பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், வடக்கே இருப்பது பெண் கடல், அமைதியானது என்பார்களே, இப்படிச் சீறுகிறதே என்றேன். "தையில அவளுக்கு வாடை. ஆடியில வாங்க, அந்தப் பக்கம் ஆம்பளக் கடல் குதிக்கும், இவ சும்மா கெடப்பா" என்றார். சீலா வறுவல் நன்றாக இருந்தது. விலை கொஞ்சம் அதிகம்.

முனையில் போனுக்கு இலங்கை நெட்வொர்க் வரவேற்புச் செய்தி அனுப்பியது. ஒரு குடும்பம் என்னைப் போட்டோ எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். என்னை எடுக்கச் சொல்ல ஏனோ தோன்றவில்லை. பொழுது சாய்வதற்குள் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள்.

செலவு கேட்பவர்களுக்கு: கொச்சியிலிருந்து தனுஷ்கோடி வரை பெட்ரோல் ஒன்பது லிட்டர் சொச்சம், ஆயிரம் ரூபாய்க்குள். இரண்டு ராத்தங்கல், சாப்பாடு தனி.

திரும்பி வந்து மதுரையில் வண்டியைச் சர்வீசுக்கு விட்டேன். பின் பிரேக் ஷூ கருகிப்போயிருந்தது. மெக்கானிக் செயின் கவரைக் கழற்றி, விரலை விட்டு வழித்து, மணலைப் பார்த்தார். "தனுஷ்கோடியா? வந்ததுமே நல்ல தண்ணியில கழுவியிருக்கணும், உப்பு தின்னுரும்" என்றார். செயின் செட்டையும் மாற்றினார். அந்தப் பில் பெட்ரோல் செலவை விட அதிகம்.