ஜிஎஸ்டி எடுத்தால் பெயர் நமதாகிவிடுமா?

தம்பி, ஜிஎஸ்டி இருப்பதால் மசாலாப் பொடியின் பெயர் உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வரி கட்டுவதற்கான எண் மட்டும்தான். பெயருக்குக் காவல் 1999-ம் ஆண்டின் வணிகச் சின்னச் (டிரேட்மார்க்) சட்டம்.

பக்கத்து ஊர்க்காரர் அதே பெயரில் விற்கிறாரே என்று பதற வேண்டாம். பதிவு செய்யாவிட்டாலும், முதலில் அந்தப் பெயரில் விற்றுப் பேர் வாங்கியவர் வழக்குப் போடலாம். ஆனால் நிரூபிக்க வேண்டும். தேதி போட்ட பழைய பில், லேபிள் அடித்த அச்சகத்தின் ரசீது, முதல் ஆர்டர் வந்த வாட்ஸ்அப் செய்தி, எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். உங்கள் விஷயத்தில் இதுதான் உயிர்நாடி.

பிறகு வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, மசாலாப் பொருள்களுக்கான 30-ம் வகுப்பில் விண்ணப்பியுங்கள். ஆன்லைனில் தனிநபருக்கு 4,500 ரூபாய். பதிவான சின்னம் என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் (®) குறியைப் பெயரோடு போடுவது பதிவான பிறகுதான். முன்பே போட்டால் குற்றம். லோகோ வரைந்த நண்பரிடம் பதிப்புரிமையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.