அலமாரியில் 23 இன்ஜின்கள்

வணக்கம் ஐயா,

மாதிரி ரயில்களில் உங்களுக்குள்ள ஈடுபாட்டை உங்கள் பழைய கட்டுரை ஒன்றின் வழியாக அறிந்து இதை எழுதுகிறேன். நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கும் எச்ஓ அளவு இன்ஜின்களைப் பதினோரு ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். பல நிறுவனங்களின் தயாரிப்புகளாக இப்போது 23 இருக்கின்றன. எல்லாமே இரண்டு தண்டவாள மின்முறையில் ஓடுபவை. ஆனால் பாதை என்று என்னிடம் இருப்பது முதல் செட்டோடு வந்த வட்டம் மட்டுமே. அதைத் தரையில் விரித்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, கழற்றி வைத்துவிடுவேன்.

இப்போது இதற்கென்று ஓர் அறை கிடைத்திருக்கிறது. இரண்டரை மீட்டர் நீளமும் ஒன்றேகால் மீட்டர் அகலமும் கொண்ட பலகையைச் சுவரை ஒட்டி அமைக்கலாம். இரட்டைப் பாதை, மலை, சுரங்கம், ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதை செல்லும் பாலம், 30 செ.மீ. நீளமுள்ள பயணிகள் பெட்டிகள் என்று இரண்டு ஆண்டுகளாக வரைபடம் வரைந்துகொண்டிருக்கிறேன். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. தவறாக அமைத்துவிடுவேனோ என்ற அச்சமே காரணம். சேகரிப்பவர் வேறு, தண்டவாளம் போடுபவர் வேறு, நீங்கள் முதல் வகை என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா? தொடங்குவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

இன்னொரு கேள்வி. நான் வாங்கிய முதல் இன்ஜின் இப்போது ஓடுவதில்லை, மின்சாரம் கொடுத்தால் முனகல் மட்டும் கேட்கிறது. அதைக் காட்சிப்பொருளாக வைத்துவிடலாமா?

ர.

*

அன்புள்ள ர. அவர்களுக்கு,

உங்கள் நண்பர் செய்யும் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. இவற்றை இரண்டு தனிப் பொழுதுபோக்குகளாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது என்றாலும், இத்துறையின் வரலாற்றைப் பார்த்தால் சேகரிப்பே தண்டவாளத்திலிருந்து பிறந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரயில் பொம்மைகள் பலவும் தரையில் கையால் தள்ளியோ சாவி கொடுத்தோ ஓட்டப்பட்டவை. ஒருவர் செய்த வண்டிக்கும் மற்றவர் செய்த வண்டிக்கும் அளவில் எந்த உறவும் கிடையாது. 1891-இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் தண்டவாள அகலங்களை எண்ணிட்டு வரையறுத்து, எட்டு வடிவப் பாதையோடு ஒரு ரயிலைக் காட்டியது. இன்று ஓர் இன்ஜின், பிறகு இரண்டு பெட்டிகள், அதன் பிறகு ஒரு பாயிண்ட் (ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு) என்று வாங்கிச் சேர்ப்பதற்கு அதற்குப் பின்புதான் பொருள் உண்டாயிற்று. உங்களிடமுள்ள 23 இன்ஜின்களும் ஒரே வட்டத்தில் ஓடுவதற்குக் காரணம் 16.5 மி.மீ. என்ற ஒரே தண்டவாள அகலம். உலகின் பெரும்பாலான ரயில்கள் ஓடும் பாதையின் அகலமான 1435 மி.மீ.ஐ 87-ஆல் வகுத்தால் கிடைப்பது அது. 1935-இல் அமெரிக்காவில் தேசிய மாதிரி ரயில் சங்கம் தோன்றியதும், ஒருவருடைய சக்கரம் இன்னொருவருடைய தண்டவாளத்தில் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காகவே. ஆகவே நீங்கள் இத்தனை ஆண்டுகளாகச் சேகரித்தது பாதி வாக்கியம். மறுபாதியை எழுத உங்களுக்குத் தகுதி உண்டா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

உங்கள் அச்சத்தையும் நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன், ஏனெனில் அது ஆணி அடிப்பதைப் பற்றியதன்று என்று நினைக்கிறேன். அந்த வரைபடம் அந்தப் பலகையில் அடங்காது என்பது உங்கள் கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நீங்கள் எழுதிய அளவுகளை வைத்தே கணக்கிட்டுப் பார்த்தேன். கீழே செல்லும் ரயிலுக்கு இடம்விட்டு மேலே பாலம் அமைக்க, ஒரு பாதைக்கும் மற்றதற்கும் இடையே ஏறத்தாழ 8 செ.மீ. உயரம் வேண்டும். மாதிரி இன்ஜின் சிரமமின்றி ஏறக்கூடிய சரிவு நூற்றுக்கு இரண்டு. அந்தச் சரிவில் 8 செ.மீ. ஏறுவதற்கு 4 மீட்டர், இறங்குவதற்கு இன்னொரு 4 மீட்டர். உங்கள் பலகையின் ஓரத்தை ஒட்டி ஒரு முழுச் சுற்றுப் போட்டாலே கிடைப்பது சுமார் 6 மீட்டர்தான். வளைவிலும் இதே நெருக்கடி இருக்கிறது. மிக நீளமான பெட்டியின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பலர் கைக்கொள்ளும் விதி. 30 செ.மீ. பெட்டிக்கு 90 செ.மீ. ஆரம் தேவைப்படும் இடத்தில் உங்கள் பலகை 57 செ.மீ.க்கு மேல் தராது. நிஜ ரயிலோடு ஒப்பிட்டால் நாம் எல்லோரும் செய்துகொள்ளும் சமரசத்தின் அளவு தெரியும்: 300 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை உள்ளது உள்ளபடி 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அது கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் ஆரம் கேட்கும்.

சுரங்கத்தைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். என் முதல் பெரிய பலகையும் சுவரை ஒட்டியே இருந்தது. பின்பக்கத்தில் ஒரு பாயிண்டை வைத்து, அதற்கு மேல் மலையைக் கட்டி, பிளாஸ்டர் பூசி, வண்ணமும் தீட்டி முடித்தேன். அதன் பிறகுதான் அந்தப் பாயிண்டின் நாக்கு (நகர்ந்து வழியை மாற்றும் தண்டவாள முனை) முழுதாகத் திரும்புவதில்லை என்பது தெரிந்தது. சுரங்கத்துக்குள் நுழையும் ரயில்களில் மூன்றில் ஒன்று உள்ளேயே தடம்புரண்டது. விளிம்பிலிருந்து என் கை 70 செ.மீ. தொலைவுக்குத்தான் எட்டும், பாயிண்ட் இருந்ததோ 95 செ.மீ. தொலைவில். நான்கு மாத உழைப்பில் உருவான மலையை ரம்பத்தால் அறுத்துத்தான் அந்த நாக்கைச் சரிசெய்ய முடிந்தது. கை எட்டாத இடத்தில் பாயிண்ட் வைக்கக் கூடாது என்ற விதியை அன்று முதல் நான் மீறியதில்லை. உங்கள் பலகையின் அகலத்தை 125 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எனவே வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, ஒன்றரை மீட்டர் நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’ என்ற அமைப்பு அதில் அடங்கிவிடும். மூன்று சைடிங்குகளும் (பெட்டிகளை நிறுத்திவைக்கும் பக்கப் பாதைகள்) இரண்டே பாயிண்டுகளும்தான் அதில் உள்ளவை. ஒரு சைடிங்கில் ஐந்து சரக்குப் பெட்டிகள் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று நிற்கும். முன்னும் பின்னும் நகர்வதற்கான பாதையில் ஓர் இன்ஜினும் மூன்று பெட்டிகளும் கொள்ளும். ஆட்டத்தில் பயன்படும் எட்டுப் பெட்டிகளில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே அவற்றை ரயிலாகக் கோக்க வேண்டும். இதைக் குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 வழிகள் இருக்கின்றன. பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தி இருபது நிமிடம் ஷண்டிங் செய்தபின் கடைசிப் பெட்டி தவறான சைடிங்கில் நிற்பதைக் கண்டு முதலிலிருந்து யோசிக்கும்போது கிடைக்கும் நிறைவு, வட்டத்தில் சுற்றும் ரயிலை இரண்டு மணி நேரம் பார்த்தாலும் கிடைப்பதில்லை. நான் எட்டு ஆண்டுகளாக வைத்திருக்கும் இங்கிள்நுக் இன்னும் எனக்குச் சலிக்கவில்லை.

சிறியதில் தொடங்கினால் பெரியது கைநழுவிவிடும் என்று எண்ண வேண்டாம். கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலனின் ரயில் உலகம், இத்துறையில் இருப்பவர்கள் இன்றும் புகைப்படங்களில் பார்த்து வியக்கும் ஒன்று. அவர் முதலில் கட்டியது ஒரு மேசையளவுப் பலகைதான். பின்னாளில் நிலவறை முழுவதும் பரவிய பெரிய அமைப்பில் அந்தச் சிறிய பலகையையும் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டார். 1973-இல் அவர் இறந்த சில நாள்களிலேயே நேர்ந்த தீ விபத்து அதை அழித்துவிட்டது. அந்தப் படங்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

இனி தண்டவாளம் போடும் வேலைக்கு வருகிறேன். நான் மிகவும் நேசிக்கும் பகுதி இதுதான். பலகையின் மேல் பாதையின் நடுக்கோட்டைப் பென்சிலால் வரையுங்கள். அந்தக் கோட்டின் இருபுறமும் கார்க் பட்டைகளை ஒட்டுங்கள். அவை சத்தத்தை ஓரளவு குறைப்பதோடு, நிஜப் பாதையின் ஜல்லி மேட்டைப்போல விளிம்பில் சரிவையும் தரும். செட்டோடு வரும் துண்டுத் தண்டவாளங்களைவிட, ஏறத்தாழ 90 செ.மீ. நீளத்தில் கிடைக்கும் வளையும் தண்டவாளமே சிறந்தது, ஏனென்றால் இணைப்பு எங்கே குறைகிறதோ அங்கே தொல்லையும் குறைகிறது. அதை வளைக்கும்போது உள்பக்கத் தண்டவாளம் நீண்டு வெளியே துருத்தும். அதை அளவாக வெட்டி, வெட்டிய முனையின் மேல்விளிம்பையும் உள்விளிம்பையும் மெல்லிய அரத்தால் ஓரிரு முறை தேய்த்துவிட வேண்டும். வளைவின் நடுவில் இணைப்பு வரும் என்று தெரிந்தால், இரண்டு தண்டவாளங்களையும் மேசையில் நேராக வைத்து, இணைப்புத் தகட்டைச் செருகி, சால்டர் வைத்து (உலோகத்தை உருக்கிப் பற்றவைத்து), ஆறியபின் ஒரே துண்டாக வளையுங்கள். வளைத்தபின் இணைத்தால் அந்த இடத்தில் ஒரு முடக்கு விழும். கண்ணுக்குத் தெரியாத அந்த முடக்கை இன்ஜினின் முன்சக்கரம் கண்டுபிடித்துவிடும். எல்லா இணைப்புகளையும் சால்டர் செய்துவிடவும் கூடாது. பலகையின் மரம் ஈரத்துக்கு விரிந்து சுருங்கும் என்பதால், நேர்ப்பாதையில் அங்கங்கே ஒரு விசிட்டிங் கார்டின் தடிமனுக்கு இடைவெளி விடுங்கள்.

சரிபார்ப்பதற்குக் கண்ணைவிட விரலை நம்புங்கள். கண்களை மூடிக்கொண்டு, தண்டவாளத்தின் உள்விளிம்பில் ஆள்காட்டி விரலின் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் நகம் எதிலாவது தட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பெட்டியை எடுத்து, ஒரு விரலால் பின்னாலிருந்து தள்ளியபடி பாயிண்டின் எல்லா வழிகளிலும் செலுத்துங்கள். தடம்புரளும் பெட்டி பெரும்பாலும் தண்டவாளத்தின் குறையைச் சொல்லும். ஒரே பெட்டி எல்லா இடங்களிலும் புரண்டால் அதன் சக்கரங்களுக்கிடையிலான அகலத்தை அளந்து பாருங்கள். இப்படி மூன்று நான்கு வாரங்கள் வெறும் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்த்தபின்தான் ஜல்லி. ஜல்லித் தூளைத் தூரிகையால் ஸ்லீப்பர்களுக்கு இடையில் பரப்பி, நீரை மெல்லிய தூவலாகத் தெளித்து நனைத்து, நீர் கலந்த வெள்ளைப் பசையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்து, சொட்டு சொட்டாக விட வேண்டும். அந்த ஒரு துளி இல்லையென்றால் பசை ஜல்லிக்குள் இறங்காமல் முத்துமுத்தாக மேலேயே நிற்கும். பாயிண்டின் நாக்கு இருக்கும் பகுதியில் மட்டும் பசை அண்டவே கூடாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: இணைப்புத் தகடு மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பியிருக்காதீர்கள். பலகையின் அடியில் இரண்டு தடித்த ஒயர்களை நீளவாக்கில் ஓட்டி, தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் அவற்றிலிருந்து மெல்லிய ஒயரை மேலே கொண்டுவந்து சால்டர் செய்யுங்கள். ஒவ்வோர் இன்ஜினுக்கும் தனி முகவரி தரும் டிஜிட்டல் முறைக்கு மாறுவதானாலும் 23-க்கும் டிகோடர் (அந்த முகவரிக்கு வரும் கட்டளையை ஏற்கும் சிறு மின்சுற்று) வாங்க வேண்டியதில்லை. இங்கிள்நுக்கில் ஒரு நேரத்தில் வேலை செய்வது ஒரே இன்ஜின்.

அலமாரியில் இருப்பவற்றுக்கும் சிறிது கவனம் தேவை. இன்ஜின்களை வைத்து விற்ற சில பழைய பெட்டிகளின் பஞ்சு நுரை நாளடைவில் நைந்து வண்ணப்பூச்சில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இடையில் ஒரு மெல்லிய தாளைச் சுற்றி வையுங்கள். மிகப் பழைய துத்தநாக வார்ப்பு இன்ஜின் ஏதேனும் வாங்க நேர்ந்தால் வார்ப்பில் மயிரிழை விரிசலோ வீக்கமோ உண்டா என்று பாருங்கள். உலோகத்தில் ஈயம் போன்ற மாசு கலந்ததால் வரும் அந்த நோய்க்கு மருந்து இல்லை.

முனகும் உங்கள் முதல் இன்ஜினை இப்போதே காட்சிக்கு அனுப்பிவிடாதீர்கள். மோட்டார் முனகுகிறது என்றால் மின்சாரம் அதுவரை போய்ச் சேர்கிறது, ஏதோ ஒன்று அதைச் சுழல விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பல ஆண்டுகள் பெட்டியிலேயே இருந்த இன்ஜினில் பெரும்பாலும் அது இறுகிப்போன கிரீஸாகத்தான் இருக்கும். மேல்கூட்டைக் கழற்றிப் பாருங்கள். பல்சக்கரங்களில் மஞ்சள் மெழுகைப்போல உறைந்திருப்பதைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, மோட்டார் தண்டைக் கையால் சுற்றுங்கள். தடையின்றிச் சுற்றும்வரை மின்சாரம் கொடுக்க வேண்டாம், சுருள் கருகிவிடக்கூடும். பிறகு பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெயை ஊசி முனையில் எடுத்து, தண்டு சுழலும் இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு துளி வையுங்கள். சக்கரங்களில் படிந்திருக்கும் கரியைத் துடைத்து, முதலில் முன்னோக்கி, பிறகு பின்னோக்கி, சுமையில்லாமல் கால் மணி நேரம் மெதுவாக ஓட்டுங்கள். அது ஓடத் தொடங்கிவிட்டால், இங்கிள்நுக்கில் முதல் பெட்டியை இழுக்க வேண்டிய இன்ஜின் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்.