பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள்

வணக்கம் சார்,

ஊரடங்குக் காலத்தில் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சியைப் பாராட்டி நீங்கள் எழுதியதைச் சமீபத்தில்தான் படித்தேன். இன்று அதை யார் பார்க்கிறார்கள்? என் வீட்டில் சேனல் மாற்றும்போது அது வந்தால் அடுத்த நொடியே தாண்டிவிடுகிறார்கள். என் மச்சினி மகளுக்கு 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளிக்கு விண்ணப்பித்தோம். குலுக்கலில் பெயர் வரவில்லை. இந்த டிவிக்குச் செலவழிக்கும் பணத்தை எடுத்து இன்னும் கொஞ்சம் ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்டினால் என்ன? ஸ்டுடியோவும் கேமராவும் யாருக்காக?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபம் குலுக்கல் மீதா, டிவி மீதா என்று இரண்டு முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டின் மீதும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு பாடத்தைப் படம்பிடிக்கச் செலவு உண்டு. பிடித்து முடித்துவிட்டால் பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அதே செலவுதான். பாடப்புத்தகம் மாறாதவரை அடுத்த வருடமும் அதையே போடலாம். தனியார் பள்ளி இடம் அப்படியில்லை. எல்.கே.ஜி.யில் ஒரு பிள்ளையைச் சேர்த்தால் எட்டாம் வகுப்பு வரை பத்து வருடம் அரசு பணம் கட்ட வேண்டும். டிவியை மூடி மிச்சமாகும் தொகையில் முதல் வருடம் கொஞ்சம் இடம் வாங்கலாம். அடுத்த வருடம் புதுப் பிள்ளைகள் வந்து நிற்கும்போது பழைய பிள்ளைகள் எங்கும் போயிருக்க மாட்டார்கள்.

அந்த 25 சதவீதம் அரசு பார்த்துப் போடும் சலுகையும் இல்லை, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைத் தவிர மற்ற தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் கால்வாசி இடத்தை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கும் தொகை, அந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை அரசு திருப்பித் தரும். அந்தப் பணம் எந்த லட்சணத்தில் வந்து சேர்கிறது என்பதை 2025இல் பார்த்தோம். பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு தரும் சமக்ர சிக்ஷா நிதியை அது நிறுத்தி வைக்க, கோடை விடுமுறையிலேயே முடிந்திருக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது.

எங்கள் தெருவில் வேன் ஓட்டும் ஒருவரின் மகள் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்து நன்றாகப் படித்தவள். எட்டாவது முடித்த கோடையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ரசீது மாதிரித் தாள். "சார், ஒன்பதாவதுக்கு முழு ஃபீஸ் கட்டணுமாம். இல்லன்னா டி.சி. வாங்கிக்கச் சொல்றாங்க." பள்ளியின் மீது தப்பில்லை. சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரைக்கும்தான். ஆனால் பத்து வருடம் முன்பு அந்தக் குலுக்கலில் பெயர் வந்தபோது தெருவுக்கே லட்டு கொடுத்த மனிதர் அவர். இதையும் உங்கள் மச்சினியிடம் சொல்லி வையுங்கள்.

சரி, டிவிக்கு வருகிறேன். கல்வித் தொலைக்காட்சி கொரோனாவுக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது 2019 ஆகஸ்டிலேயே, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. ஏழு மாதத்தில் பள்ளிகளைப் பூட்டியபோது கைவசம் ஒரு சேனல் இருந்தது, அவ்வளவுதான். நான் அப்போது பாராட்டியது அதைத்தான். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டில்கூட டிவி இருந்தது. 2006க்குப் பிறகு கொடுத்த இலவச கலர் டிவிகளில் உயிரோடு இருந்தவையும் அதில் சேர்த்தி.

ஆனால் அந்தக் கட்டுரையில் ஒன்றை நான் எழுதாமல் விட்டேன். 2020இல் என் தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். அவள் மகன் அப்போது எட்டாவது. பள்ளியிலிருந்து வந்த பாட அட்டவணையை டிவி ஸ்டாண்டில் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தான். அவனுக்குக் கணக்குப் பாடம் ஓடும்போது ஐந்தாவது படிக்கும் தங்கைக்கு அங்கே வேலையில்லை. அவனுடைய ரப்பரைத் தின்றுகொண்டிருப்பாள். திரையில் இருந்த ஆசிரியை நன்றாகவே சொல்லிக்கொடுத்தார், அழகான கையெழுத்து வேறு. ஒரு கணக்கை முடித்துவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டு இரண்டு நொடி நிறுத்தினார். இவன் டிவியைப் பார்த்து, வகுப்பில் செய்வது போலவே, தலையை ஆட்டினான். ஆசிரியை அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். நான் அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே கழித்தல் குறியை விட்டிருந்தான்.

வகுப்பறை ஆசிரியர்கள் எல்லோரும் நோட்டைப் பார்க்கிறார்களா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் அந்தத் தலையாட்டலை நம்பாத ஆசிரியர் ஒருவராவது எல்லாப் பள்ளியிலும் இருப்பார். பெட்டிக்கு அந்தச் சந்தேகம் வரவே வராது.

மெக்சிகோவில் இதை 1968லேயே யோசித்திருக்கிறார்கள். மலைக் கிராமங்களில் பாடத்துக்கு ஒரு ஆசிரியரை அனுப்ப முடியவில்லை. அதனால் 'டெலிசெகுந்தாரியா' என்று ஒரு பள்ளி முறையைத் தொடங்கினார்கள். வகுப்பறையில் டிவி, பாடம் கால் மணி நேரம் ஓடும். மீதி நேரம் வகுப்பில் இருக்கும் ஒரே ஆசிரியர், எல்லாப் பாடங்களுக்கும் அவரேதான், பயிற்சிப் புத்தகத்தை வைத்துப் பிள்ளைகளோடு உட்கார்வார். அரை நூற்றாண்டு தாண்டியும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். குறைகள் ஏராளம் உண்டு, நகரத்துப் பள்ளிகளை எட்டவில்லை என்ற விமர்சனமும் உண்டு. ஆனால் டிவியை அவர்கள் தனியாக விடவில்லை. நாம் விட்டோம்.

அப்புறம் நாமும் அந்த ஆளைக் கண்டுபிடித்தோம், டிவியோடு சேர்க்காமல். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியைச் சொல்கிறேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். அந்த 1,000 ரூபாயைக் கேட்டு முகம் சுளித்தவன் நான். இப்போதும் சுளிக்கிறேன், தொகை குறைவு என்பதற்காக. அந்த அக்கா கையில் ஒரு டேப்லெட்டும் கல்வித் தொலைக்காட்சியின் பத்து நிமிடப் பாடமும் இருந்து, பாடம் முடிந்ததும் அவர் நோட்டை வாங்கிப் பார்த்திருந்தால்? எடுத்து வைத்த பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. ஊரில் ஆளும் இருந்தார். இரண்டையும் ஒரே திண்ணைக்குக் கொண்டுவர யாரும் மெனக்கெடவில்லை.

ஆகவே டிவியை மூடச் சொல்லி நான் எழுத மாட்டேன். புதிதாக ஸ்டுடியோ கட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் உங்களோடு சேர்ந்து நானும் திட்டுவேன். அந்தப் பணம் தனியார் பள்ளிக்கல்ல, திண்ணையில் உட்காரும் அக்காவுக்குப் போகட்டும்.

குலுக்கலில் பெயர் வராத அந்தப் பிள்ளை இப்போது எங்கே படிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லையே. பக்கத்து அரசுப் பள்ளியா? அவள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.