கடன் வாங்கிய டிராயிங் பீரியட்

அன்புள்ள ஐயா,

என் மகள் மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் படிப்பை முடித்து வருகிற பிள்ளைகளுக்கு வங்கியில் ஒரு செலான் நிரப்பத் தெரிவதில்லை, இ.எம்.ஐ. எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிவதில்லை. நிதி மேலாண்மை, அடிப்படைச் சட்டம், கோடிங் மூன்றையும் ஆறாம் வகுப்பிலிருந்தே கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பது என் கருத்து. நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். வாரத்தில் இரண்டு டிராயிங் பீரியட், ஒரு கிராஃப்ட் பீரியட் என்று வீணாகத்தானே போகிறது? அதை எடுத்துக்கொள்ளலாமே. கூடவே இன்னொன்று: சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் தமிழைக் கட்டாயமாக்குவது சரியா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கும் தமிழ் கற்றல் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. இந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு இந்த ஊர் பஸ் போர்டை வாசிக்கத் தெரிய வேண்டுமா என்பதை நான் விவாதமாகவே எடுத்துக்கொள்வதில்லை. தெரிய வேண்டும், அவ்வளவுதான். கோடிங் பற்றி எனக்குப் பெரிய கருத்து கிடையாது. ஆர்வமிருக்கிற பிள்ளை உங்களையும் என்னையும் கேட்காமலே கற்றுக்கொள்ளும்.

இ.எம்.ஐ. விஷயத்துக்கு வருவோம். உங்கள் மகளின் கணக்குப் புத்தகத்தை நீங்கள் பிரித்துப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்பில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு பாடமே இருக்கிறது. சதவீதம், தள்ளுபடி, ஜி.எஸ்.டி., கூட்டு வட்டி எல்லாம் அதில் வருகிறது. அதைப் படித்த பிள்ளைக்குக் கடன் கணக்கு புரியவில்லை என்றால் இன்னொரு பாடம் சேர்த்து என்ன ஆகப் போகிறது? அதற்கும் ஒரு கைடு வரும், புக் பேக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதிப் பழக்குவார்கள்.

சுற்றுச்சூழல் பாடத்துக்கு நடந்ததைப் பாருங்கள். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றமே சொல்லி அது கட்டாயமானது. கல்லூரியிலும் வைத்தார்கள். அந்தப் பேப்பருக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்கு முன் புத்தகத்தைத் தொட்ட ஒரு மாணவனைக் காட்டுங்கள். மாசு என்றால் என்ன என்று ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு, வெளியே வந்து டீ குடித்த கப்பை அங்கேயே போட்டுவிட்டுப் போவான்.

பரீட்சை வைத்தால் இந்தக் கதி. வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதினொன்றாம் வகுப்பே சாட்சி. முன்பு அதற்குப் பொதுத்தேர்வு கிடையாது என்ற ஒரே காரணத்தால் எத்தனையோ தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டின. அதனால்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் அதை எடுத்துவிட்டார்கள். பழையபடி ஆகாது என்று யார் சத்தியம் செய்ய முடியும்? இயற்பியலுக்கும் வேதியியலுக்குமே இந்த நிலைமை என்றால் டிராயிங்கை யார் மதிப்பார்கள்!

சரி, 'வீணாகத்தானே போகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே. கடிதத்தில் அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் சாக்கு.

நான் படித்த அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஒருநாள் ஒரு பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து ஒரு ஸ்டூல்மேல் வைத்து, வரையுங்கடா என்றார். எல்லோரும் வாய்க்கு ஒரு முழு வட்டம், அடிக்கு ஒரு நேர்கோடு. அவர் என் பின்னால் வந்து நின்று, "உன் கண்ணுக்கு அது வட்டமாவா இருக்கு? பெஞ்சு மேல ஏறி நின்னு பாரு. இப்ப உக்காந்து பாரு" என்றார். ஏறி நின்றால் வாய் விரிகிறது, உட்கார்ந்தால் ஒடுங்கிக் கீற்றாகிறது. அடியும் நேர்கோடு இல்லை, வளைவு, அதுவும் வாயைவிடக் கூடுதலான வளைவு. "தெரிஞ்சதை வரையாத, தெரியறதை வரை." முதல் பெஞ்சுக்காரன் குடமும் கடைசி பெஞ்சுக்காரன் குடமும் வேறு வேறாக வந்தன, இரண்டுக்கும் டிக் போட்டார். கணக்கு வகுப்பில் அப்படி நடக்காது, நடக்கவும் கூடாது. ஆனால் பன்னிரண்டு வருடப் படிப்பில் ஒரு இடத்திலாவது நடக்க வேண்டாமா?

காலாண்டு முடிந்ததும் கணக்கு சார் வாசலில் வந்து நிற்பார். "சார், போர்ஷன் முடியல, இந்த ஒரு பீரியட் மட்டும்." டிராயிங் மாஸ்டர் ஒன்றும் பேசாமல் டஸ்டரை எடுத்துக்கொண்டு போவார். அந்தக் கடனை யாரும் திருப்பித் தந்ததில்லை. ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டு நிலையும் பாஸ் செய்து வந்த மனிதர், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சர்டிபிகேட்டில் பெயர் எழுதுவார், ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோல் வெட்டுவார்.

இப்போது அந்த அளவுக்குக்கூட இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009 ஒரு வழி சொன்னது: ஆறிலிருந்து எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் வேண்டும். அதன்படி தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். மே மாதத்துக்குச் சம்பளம் இல்லாமல் இருந்தது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2024-ல் 12,500 ஆனது. வருடாவருடம் சென்னையில் வந்து உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்கிறார்கள், போலீஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மண்டபத்தில் வைக்கிறார்கள். வீணாகிறது என்கிறீர்களே, இவர்களையா வீண் என்கிறீர்கள்? பாடத்தை வீணாக்கியது யார்? நாமெல்லாம்தான், உங்களைப் போன்ற அப்பாக்கள் கொஞ்சம் கூடுதலாக. பி.டி. பீரியட் போனால் பிள்ளைகளாவது கத்துவார்கள். டிராயிங் போனால் கேட்க நாதி கிடையாது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளுக்காக உட்கார்ந்து இவ்வளவு யோசித்து எழுதுகிற அப்பாவைத் திட்ட எனக்கும் மனசில்லை. ஆனால் அவளுக்கு வரையப் பிடிக்குமா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருக்கிறீர்களா?

இ.எம்.ஐ.யை ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டிக் கடன் ஸ்டேட்மென்டை எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே சொல்லிக்கொடுங்கள். அரை மணி நேர வேலை. அப்புறம் அவளுடைய டிராயிங் நோட்டை வாங்கிப் பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் தேதி இருக்கும். ஜூனிலிருந்து எத்தனை வகுப்பு நடந்திருக்கிறது என்று எண்ணிவிட்டு, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கணக்கு மார்க் பேச்சு முடிந்ததும் அதையும் கேளுங்கள். மழுப்புவார்கள், விடாதீர்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.