மோதிர விரல் காலையில் மடங்கி மாட்டிக்கொள்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. ஸ்பிளின்ட், ஊசி, ஆபரேஷன்: எது சரி?

இது ‘ட்ரிக்கர் ஃபிங்கர்’ என்ற கோளாறு. விரல் தானாக நிமிர்கிறதா, இல்லை மறு கையால் இழுத்துவிட வேண்டியிருக்கிறதா? முதலில் இதைப் பாருங்கள்.

மோதிர விரலுக்கு நேர் கீழே, உள்ளங்கையின் மேல் ரேகையில் மறு கையின் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு விரலை மடக்கி நீட்டுங்கள். பட்டாணி மாதிரி ஒரு முடிச்சு நகரும். விரலை மடக்கும் தசைநாண் அங்கேதான் ஏ1 என்ற வளையத்துக்குள் நுழைகிறது. வளையம் தடித்து நாணும் வீங்கியதால், மடக்கும்போது வெளியே வந்த முடிச்சு திரும்ப உள்ளே போகாமல் மாட்டுகிறது. வலி நடு மூட்டில் தெரிந்தாலும் கோளாறு உள்ளங்கையில்தான், மூட்டில் தைலம் தேய்த்துப் பயனில்லை. படக்கென்று விடுகிறதா என்று அடிக்கடி மடக்கிப் பார்ப்பதும் வீக்கத்தைக் கூட்டும்.

சமீபத்தில் தொடங்கி, தானாக நிமிர்கிறதென்றால் ஸ்பிளின்ட் (மூட்டை அசையாமல் பிடிக்கும் பட்டை) போதும். விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டை மட்டும் அது மடங்காமல் பிடிக்க வேண்டும். முழு விரலையும் கட்டினால் மற்ற மூட்டுகள் இறுகிவிடும். குறைந்தது 6 வாரம், இரவில் கட்டாயம்.

ஸ்டீராய்டு ஊசியில் பலருக்கு ஒரே தடவையில் சரியாகிவிடும். முதல் ஓரிரு நாள் வலி கூடலாம், பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு இது பலிக்கும் வாய்ப்பு குறைவு, திரும்ப வருவதும் அதிகம். ஊசி போட்டபின் சில நாள் சர்க்கரை எகிறும். ஒரு வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் வீட்டிலேயே பாருங்கள். மாத்திரை, இன்சுலின் அளவை மாற்றுவது பற்றி முன்கூட்டியே உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். இரண்டு ஊசிக்கும் அடங்காவிட்டால் மூன்றாவதைத் தேடிப் போகாதீர்கள். திரும்பத் திரும்பப் போட்டால் நாண் பலவீனமாகும், அபூர்வமாக அறுந்தும் போகும்.

இழுத்து நிமிர்த்தும் நிலை, அதோடு சர்க்கரை என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்பேன். நடு மூட்டு மடங்கியே இறுகிப்போனால், வளையத்தை வெட்டிய பிறகும் விரல் முழுசாக நிமிராது. ஆபரேஷனில் உள்ளங்கையில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, ஏ1 வளையத்தை வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். தோலைக் கீறாமல் 18 கேஜ் தடிமனுள்ள ஊசியின் முனையால் வெட்டும் முறையும் உண்டு. மோதிர விரலுக்கு அது சரிவரும். கட்டைவிரலில் நரம்பு குறுக்கே ஓடுவதால் கீறிச் செய்வதே பத்திரம்.

ஆபரேஷன் முடிந்த அன்றே விரலை மடக்கி நீட்ட வேண்டும். தையல் பிரிக்கும் 10–14 நாள் வரை அசைக்காமல் வைத்திருந்தால் தழும்போடு நாண் ஒட்டிக்கொள்ளும். காயம் சிவந்து சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள்.