கானா செல்ல மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கட்டாயமா? அக்ராவில் இறங்கியதும் என்ன நடக்கும்?

கட்டாயம்தான். ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் எல்லோருக்கும் வேண்டும். விசா இருப்பதால் இதிலிருந்து விலக்குக் கிடைக்காது.

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஓடுவதில் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் பலருக்குப் போட்டு முடிக்க வேண்டும் என்பதால், ஊசி போடும் நாள் எது என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். 2016 ஜூலை முதல் ஒரே ஊசி ஆயுளுக்கும் செல்லும். பழைய அட்டையில் பத்து வருடம் என்று அச்சிட்டிருந்தாலும் கவலை வேண்டாம்.

அக்ரா விமான நிலையத்தில் முதலில் சுகாதார மேசை, பிறகு குடிவரவு: கைரேகை, புகைப்படம், தங்குமிட முகவரி. அட்டையைக் கைப்பையில் வையுங்கள். பெட்டிகள் வருவது அதற்கெல்லாம் பிறகுதான். பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையில் எத்தனை நாள் எழுதியிருக்கிறார்கள் என்று அங்கேயே பாருங்கள். விசாவின் காலாவதித் தேதி வேறு, தங்க அனுமதித்த நாட்கள் வேறு. பலர் இங்கேதான் அபராதத்தில் மாட்டுகிறார்கள்.

திரும்பும்போதும் அதே அட்டை வேண்டும். இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.