வார்டு டூட்டி லிஸ்ட்டை கூகுள் ஷீட்ஸில் போடுவது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வார்டில் காலை 3, மாலை 2, இரவு 2 பேர் வேண்டும். இருப்பது 8 ஸ்டாஃப் நர்ஸ். மேனேஜ்மென்ட் போதும் என்கிறது. போதுமா?

பதில்: போதாது சிஸ்டர். ஒரு நாளைக்கு 7 டூட்டி, வாரத்துக்கு 49. ஆளுக்கு 6 டூட்டி என்றால் 8 பேர் தருவது 48. யாருக்கும் காய்ச்சலே வராத வாரத்திலும் ஒன்று இடிக்கிறது. 49-ஐ 6-ஆல் வகுத்து, லீவுக்கு 20 சதவீதம் சேருங்கள்: 9.8, ஆக 10 பேர். வார ஓய்வு போக நைட் ஆஃபும் (இரவு டூட்டிக்குப் பின் தரும் ஓய்வு) தனியாகத் தருவீர்கள் என்றால் 11. மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதை இந்த 20 சதவீதத்துக்குள் அடக்கப் பார்க்காதீர்கள், மாற்று ஆள் கேளுங்கள்.

கேள்வி: நோட்டில்தான் எழுதுகிறேன். ஷீட்ஸில் எங்கே தொடங்குவது?

பதில்: முதல் பத்தியில் பெயர், மேல் வரிசையில் தேதி, இரண்டையும் நகராதபடி ஃப்ரீஸ் செய்யுங்கள், இல்லாவிட்டால் மொபைலில் தள்ளும்போது யார் வரிசை என்றே தெரியாது. கட்டங்களுக்கு டிராப்டவுன் (தட்டினால் விரியும் பட்டியல்) வையுங்கள்: கா, மா, இ, ஓ, லீ, அதாவது காலை, மாலை, இரவு, ஓய்வு, லீவு. இந்த ஐந்தும் போதும். அடியில் மூன்று வரிசைகளில் கவுண்ட்இஃப் (COUNTIF, குறிப்பிட்ட எழுத்து எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணும் ஃபார்முலா) போட்டு ஒவ்வொரு நாளும் கா, மா, இ எத்தனை என்று எண்ணவிடுங்கள். தேவைக்குக் குறைந்தால் அந்த எண் சிவப்பாகட்டும். 'இ'க்கு அடுத்த நாள் 'கா' வந்தாலும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் (நிபந்தனைப்படி கட்டத்தின் நிறத்தை மாற்றும் வசதி) சிவப்பு.

பலர் கோட்டைவிடுவது மாதக் கடைசியில். 31-ஆம் தேதி இரவு ஏறியவர் 1-ஆம் தேதி காலை 7 மணிக்குத்தான் இறங்குவார். புது மாத ஷீட்டுக்கு அது தெரியாது, அவருக்கே காலை டூட்டி விழும். அதனால் போன மாதத்தின் கடைசி 3 நாட்களை இடப்பக்கம் ஒட்டி வையுங்கள். சிவப்பு விதி அவற்றையும் சேர்த்தே பார்க்கட்டும். இரவு டூட்டி ஏறும் தேதியில்தான் எழுதப்படும் என்பதையும் மேலே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

கேள்வி: இரண்டு பேருக்கு 'இ' இருக்கிறது, எண்ணிக்கை 1 காட்டுகிறதே?

பதில்: ஒரு கட்டத்தில் 'இ'க்குப் பின்னால் ஸ்பேஸ் இருக்கும். அல்லது யாரோ பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டியிருப்பார்கள்: கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. அழித்துவிட்டு டிராப்டவுனிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எங்கள் டெலிபோன் ஆபரேட்டருக்குப் பார்வை இல்லை, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் லிஸ்ட்டை போட்டோவாக அனுப்புகிறோம்.

பதில்: போட்டோவில் எந்தப் பெயருக்கு எந்த டூட்டி என்று டாக்பேக்கால் வரிசையாகச் சொல்ல முடியாது. 'பார்க்க மட்டும்' என்ற அனுமதியோடு லிங்க் கொடுங்கள். கட்டங்களை மெர்ஜ் செய்யாதீர்கள், வாசிப்பு வரிசை குழம்பும், எண்ணிக்கையும் கெடும். மஞ்சள் அடித்தால் லீவு என்பதும் வேண்டாம். நிறம் காதுக்கு வராது, 'லீ' என்று எழுத்தே இருக்கட்டும். பழைய போட்டோவைப் பார்த்துத் தப்பான ஷிஃப்ட்டுக்கு வருகிற தொல்லையும் இதோடு போய்விடும்.

கேள்வி: டூட்டி மாற்றிக்கொள்கிறவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது?

பதில்: திருத்தும் அனுமதி இன்சார்ஜ் சிஸ்டருக்கும் அவருக்கு மாற்றாக இருப்பவருக்கும் மட்டும். மாறுகிற இருவரும் கூகுள் ஃபார்மில் தேதியோடு பதிய வேண்டும். ஷீட்டில் கட்டம் மாறும்வரை பழைய டூட்டிதான் செல்லும். தகராறு வந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியில் யார், எப்போது மாற்றினார் என்று இருக்கும். ஐசியு என்றால் 'வென்டிலேட்டர் தெரியும்' என்று ஒரு பத்தி சேர்த்து, கவுண்ட்இஃப்எஸ் (COUNTIFS, ஒன்றுக்கு மேற்பட்ட நிபந்தனைகளோடு எண்ணுவது) கொண்டு ஷிஃப்ட்டுக்கு ஒருவராவது அப்படி இருக்கிறாரா என்று பாருங்கள். தலை எண்ணிக்கை சரியாக இருந்தும் மாற்றத்தில் கெடுவது இதுதான்.

கேள்வி: எக்செல் சால்வர் தானாகவே லிஸ்ட் போட்டுத் தராதா?

பதில்: 10 பேர், 30 நாள், 3 ஷிஃப்ட் என்றால் 900 மாறிகள், அதாவது அது முடிவுசெய்ய வேண்டிய 'ஆம்/இல்லை'கள். எக்செல்லோடு வரும் சால்வர் 200-க்கு மேல் ஏற்காது. கோடு எழுதத் தெரிந்தவர் இருந்தால் இப்படிப்பட்ட கணக்குகளைத் தீர்க்கும் கூகுளின் இலவச மென்பொருளான ஓஆர்-டூல்ஸில் நர்ஸ் ஷெட்யூலிங்குக்கென்றே ஒரு மாதிரி இருக்கிறது. ஒரே வார்டுக்கு அந்தப் பாடு தேவையில்லை என்பேன். முதலில் இரவுகளையும் ஞாயிறுகளையும் போட்டு முடியுங்கள், மிச்சக் கட்டங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.